கீமோ ஊசி போட்டதும் தலை எரியுதா, முடி கொட்டுதா? பயந்து சிகிச்சையை நிறுத்தாதீங்க!

திருமுடிவாக்கம்:

கேன்சர் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பிழைச்சுக்குவாங்களா?" என்பதுதான். கீமோதெரபி ஊசி போடணும் என்று சொன்னதும் நோயாளி கேட்கும் முதல் கேள்வி, "முடி கொட்டுமா?" என்பது.

இதைக் கேட்டு சிரிக்கிறவர்கள் உண்டு. "உயிரே போற நேரத்துல முடிதான் முக்கியமா?" என்று திட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் முடி போய்விடுமே என்று பயந்து முதல் ஊசிக்கே வராதவர்களும், 2 ஊசியோடு காணாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி நிறுத்தினால் நோய் மறுபடி தலை தூக்கும். எனவே இது சின்ன விஷயம் கிடையாது.

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை, குன்றத்தூர், அனகாபுத்தூர், பம்மல், பல்லாவரம் பகுதிகளில் பட்டறைக்கும் கம்பெனிக்கும் வேலைக்கு போகும் குடும்பங்கள்தான் அதிகம். வீட்டில் ஒருவருக்கு கீமோ என்றால் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், சென்னை ராஜீவ்காந்தி அரசு பொது ஆஸ்பத்திரி, காஞ்சீபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரி என்று அலைய வேண்டும். அங்கே கூட்டத்தில் நின்று டாக்டரை பார்க்கும் 5 நிமிடத்தில் ஸ்கேன், ரத்த டெஸ்ட் பற்றி கேட்கவே நேரம் சரியாக இருக்கும். "தலை எரியுது சார்" என்று கேட்க பலருக்கு கூச்சம்.

அவர்கள் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயங்கள் இதோ:-

முடி ஏன் கொட்டுகிறது?

கேன்சர் செல்கள் வேக வேகமாக பெருகும். அப்படி வேகமாக பெருகும் செல்களை தேடிப்பிடித்து அழிப்பதுதான் கீமோ மருந்தின் வேலை. ஆனால் நல்ல செல் எது, கெட்ட செல் எது என்று அதற்கு சரியாக பிரித்து பார்க்கத் தெரியாது.

நம் உடம்பிலும் வேகமாக பெருகும் நல்ல செல்கள் இருக்கின்றன. வாயின் உள்தோல், குடல், ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை, முடியின் வேர் ஆகியவை அப்படிப்பட்டவை. அதனால்தான் கீமோ போட்டவர்களுக்கு வாய்ப்புண் வருகிறது, வயிறு கலங்குகிறது, ரத்த அணுக்கள் குறைகின்றன. முடி கொட்டுவதும் அதே காரணத்தால்தான்.

தலையில் இருக்கும் முடியில் 100-க்கு 85 முதல் 90 வரை எந்த நேரத்திலும் வளர்ந்து கொண்டே இருக்கும். அதனால்தான் மருந்தின் அடி தலையில் இவ்வளவு பலமாக விழுகிறது. ஆனால் வேருக்கு பக்கத்தில் இருக்கும் மூல செல்கள் பெரும்பாலும் தப்பித்து விடும். வயலில் கதிரை அறுத்த பிறகும் விதைநெல் கையில் இருப்பது போலத்தான். மருந்து நின்றதும் முடி மறுபடி முளைக்கும்.

எல்லா கீமோவுக்கும் கொட்டுமா?

கொட்டாது. இது பலருக்கு தெரியாது.

மார்பக கேன்சருக்கு கொடுக்கும் டாக்சோரூபிசின் என்ற மருந்து பார்க்க சிவப்பாக இருக்கும். நோயாளிகள் "சிவப்பு மருந்து" என்றே சொல்வார்கள். இதற்கு முடி கொட்டுவது ஏறக்குறைய நிச்சயம். பாக்லிடாக்சல், டோசிடாக்சல், எடோபோசைடு ஆகியவற்றுக்கும் நன்றாகவே கொட்டும்.

கேபசிடாபின் மாத்திரை, ஜெம்சிடாபின், சிஸ்பிளாட்டின் போன்றவற்றை தனியாக கொடுத்தால் பெரும்பாலும் முடி கொஞ்சம் மெலியும், அவ்வளவுதான். கரண்ட் வைப்பது என்று நாம் சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சையில், எந்த இடத்தில் வைக்கிறார்களோ அந்த இடத்து முடி மட்டும்தான் போகும். மார்பில் கரண்ட் வைத்தால் தலைமுடி போகாது.

எனவே "எனக்கு என்ன மருந்து போடுறீங்க, இதுக்கு முடி கொட்டுமா?" என்று முதல் நாளே டாக்டரிடமோ நர்சிடமோ கேட்டு விடுங்கள்.

இன்னொரு தப்பான பேச்சும் ஊரில் இருக்கிறது. "முடி கொட்டலையா? அப்போ மருந்து வேலை செய்யலை" என்பார்கள். அதில் உண்மை இல்லை. முடி கொட்டுவதற்கும் நோய் குணமாவதற்கும் சம்பந்தம் இல்லை.

தலை ஏன் வலிக்கிறது?

முதல் ஊசி போட்ட அன்றே முடி கொட்டாது. பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்துக்குள் கொட்ட ஆரம்பிக்கும். அதற்கு சில நாள் முன்பே தலை ஒரு சமிக்ஞை கொடுக்கும்.

இறுக்கமாக பின்னிய ஜடையை ராத்திரி அவிழ்த்ததும் மண்டையில் ஒரு வலி வருமே, அது மாதிரி இருக்கும். சிலருக்கு எரியும். சிலருக்கு அரிக்கும். தலையணையில் தலை வைத்தாலே வேர் வேராக வலிக்கும். இது நோய் தலைக்கு ஏறிவிட்டது என்பதற்கு அடையாளம் கிடையாது. வேர் பலவீனமாகி முடி கழலப் போகிறது என்று அர்த்தம். முடி கொட்டி முடிந்ததும் இந்த வலி பெரும்பாலும் தானாக குறைந்து விடும்.

தலை மட்டும் அல்ல. புருவம், கண் இமை, மீசை, தாடி, கை கால் முடி எல்லாம் போகலாம். மூக்கில் உள்ள முடியும் கொட்டுவதால் சிலருக்கு மூக்கில் நீர் ஒழுகும். சளி பிடித்து விட்டது என்று பயப்படுவார்கள். இமை இல்லாததால் கண்ணில் தூசி விழும். வெளியே போகும்போது சாதாரண கண்ணாடி போட்டுக் கொள்ளலாம்.

முதல் ஊசிக்கு முன்பே செய்யுங்கள்

நீளமான முடியை முதல் ஊசிக்கு முன்பே தோள் அளவுக்கோ, அதற்கும் குறைவாகவோ வெட்டி விடுவது நல்லது. இதில் 3 லாபம் இருக்கிறது.

* முடியின் கனம் குறைவதால் வேரில் இழுப்பு குறையும். வலியும் குறையும்.

* கொத்து கொத்தாக கையில் வரும் நாளில் அதிர்ச்சி குறைவாக இருக்கும். நீளமான முடி தலையணையிலும் பாத்ரூமிலும் கிடப்பதை பார்ப்பதுதான் பலரை உடைத்து போடுகிறது.

* வெட்டிய முடியை பத்திரமாக வைத்தால் விக் செய்ய கொடுக்கலாம்.

கொட்ட ஆரம்பித்த பிறகு முழுசாக எடுத்து விடலாம் என்று தோன்றினால், சவரக்கத்தி, பிளேடு வேண்டாம். மின்சார டிரிம்மரில் ஒட்ட வெட்டச் சொல்லுங்கள். கீமோ போட்ட பிறகு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்து இருக்கும். கிருமிகளோடு சண்டை போடும் சிப்பாய்கள் அவைதான். அந்த நேரத்தில் பிளேடு கீறி சின்ன காயம் பட்டாலும் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு. சலூனில் போடும் துணி, சீப்பு சுத்தமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். முடிந்தால் வீட்டிலேயே வெட்டிக் கொள்வது இன்னும் நல்லது.

எரிச்சல், அரிப்புக்கு என்ன செய்யலாம்?

* வாரம் 2 முறை தலைக்கு குளித்தால் போதும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். கொதிக்க கொதிக்க ஊற்றக் கூடாது.

* குழந்தைகளுக்கு போடும் மிதமான ஷாம்பு போடலாம். சீயக்காய், அரப்பு போட்டு பரபரவென்று தேய்க்கும் பழக்கத்தை சில மாதத்துக்கு ஒத்தி வையுங்கள்.

* துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்.

* மென்மையான பிரஷ் அல்லது பல் அகலமான சீப்பு வைத்து வாருங்கள். இறுக்கமான ஜடை, ரப்பர் பேண்டு, கிளிப் வேண்டாம்.

* தலை வறண்டு அரித்தால் சுத்தமான தேங்காய் எண்ணெய் சில சொட்டு எடுத்து மெல்ல தடவலாம். அழுத்தி மசாஜ் செய்யக் கூடாது. கொப்புளம், சீழ் இருந்தால் எண்ணெய் எதுவும் வைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

* தலையணைக்கு பழைய, மென்மையான பருத்தி உறை போடுங்கள். உறையை அடிக்கடி துவைத்து மாற்றுங்கள். ராத்திரி பருத்தி துணியில் தலையை லேசாக கட்டிக் கொண்டு படுத்தால், கொட்டும் முடி கழுத்திலும் முகத்திலும் ஒட்டாது.

* எரிச்சல் தாங்க முடியாவிட்டால் சுத்தமான துணியை சாதாரண தண்ணீரில் நனைத்து பிழிந்து சிறிது நேரம் போடலாம்.

* டை, கலர், பெர்மிங் எதுவும் சிகிச்சை முடியும் வரை கூடாது.

வெங்காயம் தேய்க்காதீங்க

தலையில் புழுவெட்டு விழுந்தால் சின்ன வெங்காயத்தை நறுக்கி தேய்க்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. கீமோவில் முடி கொட்டியவர்களுக்கும் "வெங்காயம் தேய், பூண்டு தேய்" என்று அக்கம் பக்கத்தில் சொல்வார்கள். புழுவெட்டு வேறு, இது வேறு. ஏற்கனவே புண்ணாக இருக்கும் தலையில் வெங்காயம், பூண்டு பட்டால் தோல் வெந்து போகும். அந்த காயம் வழியாக கிருமி போகும்.

டி.வி.யில் விளம்பரம் வரும் கருகரு கூந்தல் எண்ணெய், முடி வளர்க்கும் மாத்திரை எதுவும் கீமோவில் கொட்டும் முடியை நிறுத்தும் என்று நிரூபிக்கப்படவில்லை. நாட்டு மருந்து, லேகியம் உள்ளுக்கு சாப்பிட்டால் சில நேரம் அது கீமோ மருந்தோடு மோதும். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி விடுங்கள்.

கோவில் மொட்டை போடலாமா?

"குணமானா மொட்டை போடறேன்" என்று குன்றத்தூர் முருகனுக்கும், திருப்பதிக்கும் வேண்டிக் கொள்பவர்கள் நிறைய பேர். அந்த நம்பிக்கை மனதுக்கு தெம்பு கொடுக்கும் என்றால் அதை யாரும் தடுக்க வேண்டாம். எப்போது போடுவது என்பதில் மட்டும் கவனம் தேவை.

கீமோ ஆரம்பிக்கும் முன்போ, எல்லா தவணையும் முடிந்து ரத்த அணுக்கள் சரியான பிறகோ டாக்டரிடம் கேட்டு விட்டு போடலாம். நடுவில் கூட்டத்தில் நின்று பிளேடு போடுவது ஆபத்து. எப்போது போட்டாலும் புது பிளேடு போட சொல்லுங்கள். அறநிலையத்துறை கோவில்களில் மொட்டை அடிக்க கட்டணம் கிடையாது என்று 2021-ம் ஆண்டு தமிழக அரசு அறிவித்தது குறிப்பிடத்தக்கது.

வெயில், ஹெல்மெட், வேலை

முடி இல்லாத தலை சீக்கிரம் வெந்து விடும். முடி என்பது நமக்கு இயற்கை போட்ட கூரை. அது போன பிறகு வெயிலில் பருத்தி தொப்பி, துப்பட்டா, முந்தானை, குடை ஏதாவது ஒன்று கட்டாயம். மார்கழி குளிரில் தலையில் இருந்து சூடு வெளியேறும். அப்போது மங்கி குல்லா போட்டுக் கொள்ளலாம்.

பைக்கில் போகும்போது ஹெல்மெட் உள்ளே இருக்கும் பஞ்சு நேராக தலையில் உரசி எரியும். துவைத்த மெல்லிய பருத்தி துணியை கட்டிக்கொண்டு அதன் மேல் ஹெல்மெட் போடுங்கள். கம்பெனியில் போடும் பாதுகாப்பு ஹெல்மெட்டுக்கும் இதுதான். துணி வியர்வையில் நனைந்தால் மாற்ற இன்னொரு துணி பையில் இருக்கட்டும். அடுத்தவர் ஹெல்மெட்டை வாங்கி போட வேண்டாம்.

பட்டறை சூட்டில் நிற்க முடியாதவர்கள் வேலையை விட்டு விட வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் தொழிலாளிக்கு கேன்சர் வந்தால், நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவித்தொகை என்று ஒன்று உண்டு. 2 ஆண்டு வேலையில் இருந்து, தேவையான நாட்களுக்கு சந்தா கட்டி இருந்தால் சம்பளத்தில் 80 சதவீதம் வரை கிடைக்கும். இதை அதிகபட்சம் 730 நாள் வரை நீட்டிக்கலாம். இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். முதல்-அமைச்சரின் மருத்துவ காப்பீட்டு திட்ட அட்டை இருந்தால் கேன்சர் சிகிச்சைக்கும் அது உதவும்.

குளிர் தொப்பி என்றால் என்ன?

முடி கொட்டாமல் இருக்க ஒரு கருவி இருக்கிறது. ஊசி ஏறும் நேரத்தில் தலையில் குளிர்ந்த தொப்பி மாட்டுவார்கள். குளிரில் தலைத்தோலின் ரத்தக்குழாய் சுருங்கும். வேருக்கு போகும் மருந்து குறையும். ஊசிக்கு அரை மணி நேரம் முன்பே மாட்டி, முடிந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்து இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2015-ல் இதற்கு அரசு அனுமதி கிடைத்தது. மார்பக கேன்சர் வந்த பெண்களிடம் அங்கே நடந்த ஒரு ஆய்வு 2017-ல் வெளியானது. தொப்பி போட்ட 95 பேரில் 48 பேருக்கு பாதிக்கு மேல் முடி தங்கியது. போடாத 47 பேரில் ஒருவருக்கு கூட தங்கவில்லை.

ஆக, போட்டவர்களில் ஏறத்தாழ பாதி பேருக்குத்தான் பலன். சிலருக்கு தலைவலி, நடுக்கம் வரும். ரத்த கேன்சருக்கு இதை போட மாட்டார்கள். செலவும் அதிகம், எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது. கிடைக்கவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். வீட்டு பிரிட்ஜில் இருக்கும் ஐஸ் கட்டியை தலையில் கட்டிக் கொள்ளும் விஷப்பரீட்சை மட்டும் வேண்டவே வேண்டாம். தோல் உறைந்து புண்ணாகி விடும்.

விக் வாங்குவது எப்படி?

விக் கட்டாயம் இல்லை. முக்காடு, ஸ்கார்ப் போதும் என்று இருப்பவர்களும் உண்டு. கல்யாணம், பள்ளிக்கூடம், வேலைக்கு போகும்போது வேண்டும் என்று நினைப்பவர்கள், முடி கொட்டும் முன்பே போய் பாருங்கள். அப்போதுதான் உங்கள் முடி நிறத்துக்கு பொருத்தமாக எடுக்க முடியும்.

செயற்கை முடி விக் விலை குறைவு. நிஜ முடியில் செய்தது விலை அதிகம். திருப்பதியில் பக்தர்கள் கொடுக்கும் முடியை தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. அப்படிப்பட்ட முடிதான் விக் ஆகி வெளிநாடு வரை போகிறது.

நம் வெயிலுக்கு விக் உள்ளே வியர்த்து அரிக்கும். உள்ளே மெல்லிய பருத்தி குல்லா போட்டு, அதன் மேல் விக் வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கழற்றி விடுங்கள். தலையில் புண் இருக்கும்போது பசை போட்டு ஒட்டும் விக் கூடாது. அடுப்பு பக்கத்தில் நிற்கும்போது செயற்கை விக் உருகும், தீப்பிடிக்கும். சமையல் செய்யும் பெண்கள் இதை மறக்க வேண்டாம்.

முடி தானம் வாங்கி விக் செய்து ஏழை நோயாளிகளுக்கு இலவசமாக கொடுக்கும் பணியை சென்னையில் செரியன் அறக்கட்டளை செய்து வந்து இருக்கிறது. கேரள மாநிலம் திருச்சூர் மாவட்டத்தில் ஒரு பெண் போலீஸ், கேன்சர் நோயாளிகளுக்காக 2019-ல் தன் நீளமான கூந்தலை மொட்டை அடித்து கொடுத்தது நாடு முழுக்க செய்தியானது. சிகிச்சை பெறும் ஆஸ்பத்திரியில் உள்ள சமூக சேவகரிடம் கேட்டால் விக் எங்கே கிடைக்கும் என்று வழி சொல்வார்.

"எந்த கோவில்ல மொட்டை?"

பஸ்சில், ரேஷன் கடை வரிசையில் இந்த கேள்வி வராமல் இருக்காது. ஆண் என்றால் "திருப்பதி" என்று சொல்லி விட்டு போய்விடலாம். பெண்ணுக்கு அப்படி இல்லை. அந்த காலத்தில் புருஷனை இழந்த பெண்ணுக்கு மொட்டை போட்ட கொடுமை நம் நாட்டில் இருந்தது. அந்த நினைப்பு இன்னும் சிலர் பார்வையில் ஒட்டிக் கொண்டு இருக்கிறது. நல்ல காரியத்துக்கு கூப்பிட தயங்குகிறார்கள். அதனால் பல பெண்கள் வீட்டை விட்டே வெளியே வருவது இல்லை.

கேன்சர் தொற்று நோய் கிடையாது. கொட்டிய முடியை தொட்டாலோ, பக்கத்தில் உட்கார்ந்தாலோ, கூட சாப்பிட்டாலோ ஒட்டாது. "அக்கா, ஆஸ்பத்திரிக்கு துணைக்கு வரட்டுமா?" என்று கேட்டாலே பாதி பாரம் இறங்கி விடும். பரிதாபமாக பார்த்து "உச்" கொட்ட வேண்டாம்.

ரத்த கேன்சர் சிகிச்சை முடிந்து பள்ளிக்கு திரும்பும் குழந்தைகளை மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள். பெற்றோர் முன்பே வகுப்பு டீச்சரிடம் போய் சொல்லி வைப்பது நல்லது. டீச்சர் மற்ற பிள்ளைகளுக்கு 2 வார்த்தை சொன்னால் போதும்.

மறுபடி எப்போது முளைக்கும்?

கடைசி ஊசி முடிந்து ஒன்று, இரண்டு மாதத்தில் பூனை முடி மாதிரி வர ஆரம்பிக்கும். மாதத்துக்கு சுமார் 1 செ.மீ. வளரும். 6 மாதத்தில் தலை முழுக்க குட்டை முடி வந்து விடும். முதலில் வருவது சுருட்டையாகவோ, வேறு நிறத்திலோ இருக்கலாம். அது பெரும்பாலும் போக போக மாறி விடும். டோசிடாக்சல் போன்ற மருந்துகளுக்கு மிகச் சிலருக்கு மட்டும் முடி முழுசாக திரும்பாமல் போகலாம். 6 மாதம் ஆகியும் வரவில்லை என்றால் தோல் டாக்டரை பாருங்கள்.

கிரிக்கெட் வீரர் யுவராஜ்சிங்கை யாரும் மறந்து இருக்க மாட்டார்கள். கேன்சருக்கு அமெரிக்காவில் கீமோ எடுத்து, 2012-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் நாடு திரும்பினார். அதே ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி நம்ம சேப்பாக்கம் மைதானத்தில் நியூசிலாந்துக்கு எதிராக மீண்டும் களம் இறங்கி 34 ரன் எடுத்தார். 'காதலர் தினம்' பட நாயகி சோனாலி பிந்த்ரே 2018-ல் கேன்சர் சிகிச்சையின்போது தன் மொட்டை தலையோடு எடுத்த படத்தை அவரே வெளியிட்டார். 'பம்பாய்', 'இந்தியன்' நாயகி மனிஷா கொய்ராலாவும் 2012-ல் கேன்சர் வந்து, கீமோ எடுத்து மீண்டவர்தான். காசு பணம் இருக்கிறவர்களுக்கும் முடி கொட்டத்தான் செய்தது. மறுபடி வளர்ந்தது.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

* காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் போனால், குளிர் நடுக்கம் வந்தால். ராத்திரி என்றாலும் காத்திருக்க வேண்டாம். டாக்டரை கேட்காமல் பாராசிட்டமால் போட்டு காய்ச்சலை அமுக்க வேண்டாம். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்கட்டும்.

* தலையில் சீழ் கொப்புளம், சிவந்து வீக்கம், தண்ணீர் வடிதல் இருந்தால்.

* காயத்தில் ரத்தம் நிற்காமல் வந்தால்.

வண்டி கிடைக்காவிட்டால் 108-க்கு போன் போடுங்கள். "கீமோ போட்டு இத்தனை நாள் ஆகுது" என்பதை முதல் வார்த்தையாக சொல்லுங்கள். கீமோ நோட்டு, மருந்து சீட்டு கையோடு எடுத்து போக வேண்டும்.

மற்றபடி தலை எரிச்சல், அரிப்பு, முடி கொட்டுவதற்காக ஒரு தவணை கூட தள்ளிப் போடாதீர்கள். அடுத்த ஊசி தேதியை வீட்டு காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அன்று யார் துணைக்கு வருவது என்பதை இன்றே வீட்டில் பேசி முடிவு செய்து விடுங்கள்.